‘திருப்தி’ என்ற இடத்தில் கையெழுத்திடும் முன்

சில ஆண்டுகளுக்கு முன் தையல் கடை நடத்தும் ஓர் அம்மா, தீ விபத்துக் காப்பீடு தொடர்பாக என் அலுவலகத்துக்கு வந்தார். எரிந்துபோன துணிகளுக்கும் இயந்திரங்களுக்கும் அவர் கேட்டிருந்த தொகையில் பாதிக்கும் குறைவாகவே காப்பீட்டு நிறுவனம் தந்திருந்தது. மீதியைக் கேட்டபோது, அவரே கையெழுத்திட்ட ரசீதின் நகலை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. “அவங்க நடந்துக்கிட்ட விதம் திருப்தியான்னு கேக்கிறாங்கன்னு நினைச்சேன் சார். கவுன்டர்ல இருந்த தம்பி மரியாதையாத்தான் பேசுச்சு, அதான் போட்டேன்” என்றார்.

அவர் மீது பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் நாம் கற்ற பொருள் அதுதான். ஆனால் சட்டம் அந்தச் சொல்லைக் கையாளும்போது கையெழுத்திட்டவரின் மனநிலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கடன் முடிந்துவிட்டது, இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறது.

இந்த இரண்டு பொருள்களில் பழையது சட்டத்தின் பொருள்தான். லத்தீனில் ‘சாட்டிஸ்’ என்பது போதுமான அளவையும் ‘ஃபாசெரே’ என்பது செய்வதையும் குறிக்கும். செய்ய வேண்டியதைப் போதுமான அளவு செய்து முடிப்பதே அந்தக் கூட்டுச் சொல்லின் பொருள். ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் அது ஆங்கிலத்துக்கு வந்தபோது, பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு, அதாவது கிறிஸ்தவர்கள் பாதிரியாரிடம் தம் பாவங்களை அறிக்கையிட்ட பிறகு, செய்யும் பரிகாரத்தையே முதலில் குறித்தது. பரிகாரமும் ஒருவகையில் கடன் அடைப்பதுதான். உள்ளம் நிறைவதைக் குறிக்கும் பொருள் அதற்குப் பின்னரே தோன்றி, 16ஆம் நூற்றாண்டிலிருந்துதான் பரவலாயிற்று.

பணம் கொடுப்பதைக் குறிக்கும் ‘பே’ என்ற சொல்லோ இதற்கு எதிர்த்திசையில் நடந்து வந்தது. சமாதானத்தைக் குறிக்கும் ‘பாக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழியில் பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது, ஒருவரைச் சாந்தப்படுத்துவது, மகிழ்விப்பது என்ற பொருள்களையும் உடன்கொண்டு வந்தது. 14ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பேர்ள்’ என்ற ஆங்கிலக் கவிதையின் முதல் வரியில் வரும் ‘பே’ இளவரசர்களின் மகிழ்ச்சியையே குறிக்கிறது. அங்கே காசுக்கு இடமில்லை. கடன் கொடுத்தவரைச் சாந்தப்படுத்தும் வழி பணத்தைத் திருப்பித் தருவதுதான் என்பதால், இடைக்கால லத்தீனிலேயே பணப் பொருள் ஒட்டிக்கொண்டது. 1500ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்தில் மகிழ்ச்சிப் பொருள் உதிர்ந்துபோய், பணம் மட்டுமே நிலைத்தது.

பேச்சு வழக்கில் இப்படி இரு சொற்களும் இடம் மாறிய பிறகும், நீதிமன்றங்கள் பழைய பொருளைக் கைவிடவில்லை. 1602ஆம் ஆண்டில் பின்னெல் (Pinnel) என்பவரின் பெயரால் அறியப்படும் வழக்கில், பெரிய கடனுக்கு ஈடாக அதைவிடச் சிறிய தொகையைத் தவணை நாளில் கொடுத்தால் அது முழு ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ ஆகாது என்றும், ஆனால் ஒரு குதிரையையோ வல்லூறையோ மேலங்கியையோ கடன் கொடுத்தவர் ஏற்றுக்கொண்டால் ஆகும் என்றும் இங்கிலாந்து நீதிமன்றம் கூறியது. நம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆவது பிரிவு இந்த விதியைப் பின்பற்றவில்லை. 5,000 ரூபாய் வர வேண்டியவர், முழுக் கடனுக்கும் ஈடாக 2,000 ரூபாயை ஏற்றுக்கொண்டால் முழுக் கடனும் தீர்ந்தது என்று அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டே சொல்கிறது. ஆகவே நம் நாட்டில் இந்தச் சொல்லின் கீழ் இடும் கையெழுத்து இங்கிலாந்தில் இடுவதைவிடக் கனமானது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் அச்சிட்ட ரசீதுகளிலும் ‘முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று மொழிபெயர்த்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கடன் ‘தீர்ந்தது’ என்னும் நம் வழக்கில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. பசி தீர்வதுபோல, பகை தீர்வதுபோலக் கடனும் தீரும். ‘என் கோரிக்கை முழுவதும் இத்துடன் தீர்ந்தது’ என்று அச்சிட்டிருந்தால் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

கையெழுத்திட்டுவிட்டால் எல்லாம் போய்விட்டது என்றும் கருத வேண்டாம். வற்புறுத்தலாலோ மோசடியாலோ பெறப்பட்ட இத்தகைய ரசீது மேற்கொண்டு கோருவதைத் தடுக்காது என்று போகாரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. எனினும் வற்புறுத்தினார்கள் என்று வெறுமனே சொல்வது போதாது. அதைக் காட்டும் சான்று வேண்டும். வாங்கும் தொகை குறைவு என்று தோன்றினால், ரசீதிலேயே ‘ஆட்சேபத்துடன், பகுதித் தொகையாகப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கைப்பட எழுதித் தேதியிடுங்கள். அதற்கு அவர்கள் இடம் தராவிட்டால், ஓரிரு நாள்களுக்குள் அதே ஆட்சேபத்தைக் கடிதமாக அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அந்த அம்மா, தம் மகளைக் கொண்டு நான்காம் நாளே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எங்கள் வழக்கு அதைப் பற்றிக்கொண்டுதான் நின்றது.

பணம் கொடுக்கும் பக்கத்தில் இருப்பவர்களையும் இந்தச் சொல் பாதிக்கிறது. டிக்ரி ஆன தொகையை, அதாவது கொடுக்குமாறு நீதிமன்றம் தீர்ப்பாணையிட்ட தொகையை, நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்துவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பணத்தை வாங்கியவர் பின்னொரு நாள் அந்த டிக்ரியை நிறைவேற்றித் தரக் கோரி நிறைவேற்று மனு போட்டால், பதிவு செய்யப்படாத அந்தப் பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆவது கட்டளை, 2ஆவது விதி அப்படித்தான் சொல்கிறது. வாங்கியவர் தாமாகவே நீதிமன்றத்தில் தெரிவிக்காவிட்டால், பணம் கொடுத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் நீங்களே மனு போட்டு டிக்ரிக்கு ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பதிவு செய்யக் கேட்க வேண்டும். அதற்கு எழுத்துச் சான்று தேவைப்படும் என்பதால், பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள்.