கதவ சாத்துன பிறகு நாய் என்ன பண்ணுது?

சாவிய கையில எடுத்தாலே என் நாய் மணி எழுந்து நின்னுடும். காது ரெண்டும் பின்னாடி மடங்கும், வால் பாதி இறங்கும், கண்ணு மட்டும் என் மூஞ்சிய விட்டு நகராது. அந்த பார்வைய பாத்துட்டு வெளிய போன நாள்லாம் போன இடத்துல மனசு ஒட்டாது, தண்ணி குடிச்சிருக்குமா, கத்திக்கிட்டே இருக்குமா, நம்மள விட்டுட்டு போயிட்டாங்கன்னு நினைச்சுக்குமோன்னு ஓடிக்கிட்டே இருக்கும், பாதியிலயே கிளம்பி வந்த நாளும் உண்டு. அப்புறம் ஒருநாள் பழைய மொபைல அலமாரி மேல சாய்ச்சு வச்சு வீடியோ ஆன் பண்ணிட்டு போனேன்.

கதவு சாத்துனதும் மணி நேரா போய் கதவுக்கு கீழ இருக்கற இடுக்குல மூக்க வச்சுது. ஒரு நாலஞ்சு நிமிஷம் அப்படியே மோந்துகிட்டு இருந்துச்சு. அப்புறம் ஜன்னல் பக்கம் ஒரு நடை, திரும்பி வந்து நான் கழட்டி போட்ட சட்டை மேல ரெண்டு சுத்து சுத்தி தொப்புன்னு படுத்து ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான், தூங்கிடுச்சு. வெளிய ஏதாவது சத்தம் கேட்டா ஒரு காது மட்டும் தூக்கும், திரும்ப தூக்கம். வீடியோ முழுக்க இதான்.

ஸ்வீடன்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2011ல இதையே முறையா பண்ணி பாத்தாங்க. தனியா இருக்க பழகுன 12 நாய்கள அரை மணி நேரம், 2 மணி நேரம், 4 மணி நேரம்னு வீட்ல விட்டுட்டு கேமராவுல பாத்தா, பெரும்பாலான நேரம் எல்லாமே படுத்துதான் கிடந்துச்சு. ஆனா ஓனர் திரும்பி வரும்போது வித்தியாசம் தெரிஞ்சுது, அரை மணி நேரம் கழிச்சு வந்தா இருந்த வரவேற்பவிட 2 மணி நேரம் கழிச்சு வந்தா துள்ளல் ஜாஸ்தி. 2 மணி நேரத்துக்கும் 4 மணி நேரத்துக்கும் நடுவுல பெருசா வித்தியாசம் இல்ல. அதாவது நம்ம இல்லாதது அதுக்கு தெரியுது, தெரிஞ்சும் படுத்து தூங்க முடியுது.

அப்ப அந்த பார்வை? அதுக்கு பின்னாடி ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு நாய் பக்கம். செருப்பு, பேக், சாவின்னு நம்ம கிளம்புற வரிசைய அது மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு, சாவி சத்தம் கேட்டா அடுத்து தனிமைன்னு பதிஞ்சு போச்சு. சும்மாவே சாவிய எடுத்துட்டு வந்து சோஃபாவுல உக்காருங்க, ஒரு நாளைக்கு பல தடவை பண்ணுங்க, கொஞ்ச நாள்ல அந்த சத்தத்துக்கு அர்த்தமே இல்லாம போயிடும். மணிக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

இன்னொண்ணு நம்ம பக்கம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. 2015ல ஜப்பான்ல ஒரு குழு நாயும் ஓனரும் நீண்ட நேரம் கண்ணோட கண்ணு பாத்துக்கிட்ட பிறகு ரெண்டு பேர் யூரினையும் டெஸ்ட் பண்ணாங்க, ரெண்டு பேருக்கும் ஆக்ஸிடோசின் ஏறியிருந்துச்சு. அம்மாவுக்கும் கைக்குழந்தைக்கும் நடுவுல வேலை செய்யற அதே ஹார்மோன். வாசல்ல நின்னு அந்த கண்ண பாக்கும்போது குழந்தைய விட்டுட்டு போற மாதிரி வயித்த பிசையறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கிறேன். வயித்த பிசையுதுங்கறதுக்காக நம்ம தப்பு பண்றோம்னு அர்த்தம் இல்ல.

இன்னொரு பார்வையும் இருக்கு, திரும்பி வரும்போது தலையணை கிழிஞ்சு கிடக்க தலைய தொங்க போட்டுக்கிட்டு நிக்குமே அது. நாய்களோட நடத்தைய ஆராயற அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல 14 நாய்கள வச்சு பண்ண சோதனையில, அந்த 'குற்றவாளி மூஞ்சி' நாய் தப்பு பண்ணுச்சாங்கறதோட சம்பந்தமே இல்லாம, ஓனர் திட்டுனப்பதான் அதிகமா வந்துச்சு. அதனால வந்ததும் திட்டாதீங்க, நீங்க வர்றதே அதுக்கு பயமாயிடும்.

சட்டை விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல எமரி பல்கலைக்கழகத்துல 12 நாய்கள ஸ்கேன் மெஷின்ல அசையாம படுக்க பழக்கி, மூக்குகிட்ட விதவிதமான வாசனைய காட்டுனாங்க. நல்லது ஏதோ வரப்போகுதுன்னா வேலை செய்யற காடேட்ங்கற மூளைப்பகுதி, பழகுன மனுஷனோட வாசனைக்குதான் அதிகமா தூண்டப்பட்டுச்சு, அந்த ஆள் பக்கத்துல இல்லாதப்பவே. சட்டை போட்டா கவலை போயிடும்னு இத வச்சு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா துவைக்காத ஒரு சட்டைய விட்டுட்டு போறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல.

எல்லா நாயும் மணி மாதிரி இருக்காது, அதையும் சொல்லிடணும். சில நாய்க்கு நிஜமாவே தாங்காது. விடாம ஊளை, கதவ பிறாண்டி நகத்துல ரத்தம், தரையெல்லாம் எச்சில், வெளிய போக பழகுன நாய் வீட்டுக்குள்ளயே மூத்திரம் போறது, உசுரா இருக்கற தின்பண்டத்த கூட தொடாம நிக்கறது. பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளயே ஆரம்பிச்சுடும், அதனால வீடியோ எடுத்தா அந்த அரை மணிய கட்டாயம் பாருங்க. 2020ல 2,700க்கும் மேல நாய்கள வச்சு வந்த ஒரு ஆய்வு, இதெல்லாம் ஒரே நோய் இல்லன்னு காட்டுச்சு. ஒரு நாய் உள்ள இருக்கற ஏதோ ஒண்ணுக்கு பயந்து வெளிய ஓட பாக்குது, இன்னொண்ணுக்கு வெளிய இருக்கறது வேணும், ஒண்ணு தெரு சத்தத்துக்கு கத்துது, ஒண்ணுக்கு வெறும் போர்.

"கத்தி கத்தி தானா பழகிடும்"னு சொல்றவங்க பேச்ச மட்டும் கேக்காதீங்க. பயம் ஏறுன நிலையில விட்டா தனிமைன்னா பயம்னுதான் மூளை இன்னும் ஆழமா கத்துக்கும். பயம் தொடங்கறதுக்கு முன்னாடியே திரும்பி வரணும், முதல்ல 10 செகண்ட், அப்புறம் 30, அப்புறம் ஒரு நிமிஷம், நடுவுல தடுமாறுனா ஒரு படி கீழ. முதல் அரை மணி நேரத்த தாண்டறதுக்குதான் நாள் பிடிக்கும். ரொம்ப முடியாத நாய்க்கு ஃப்ளூஆக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் மாதிரி பதட்டத்த குறைக்கற மருந்த கால்நடை டாக்டர் எழுதி குடுப்பாங்க, பயிற்சியும் கூடவே நடக்கணும். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

நேத்து ஒரு கல்யாணத்துக்கு போயிட்டு நாலு மணி நேரம் கழிச்சு வந்தேன், நடுவுல ஒரு தடவை கூட மொபைல எடுத்து பாக்கல. கதவ திறந்தா மணி உடம்ப நெளிச்சு சோம்பல் முறிச்சுக்கிட்டே வந்து கால நக்குச்சு. உள்ள போய் சட்டை மேல கைய வச்சு பாத்தேன், இன்னும் சூடா இருந்துச்சு.