தொப்பூர் கணவாயில் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

கார்த்திகை, மார்கழியில் தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் ராகி முற்றிக் கதிர் சாயும். அந்த நேரம் பார்த்துத்தான் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்களும் வரும். பரண்மேல் காவலிருக்கும் விவசாயியின் காதில், இருட்டுக்குள் ராகித் தட்டை முறியும் சத்தம் விழுகிறது. யானையா, காட்டுப்பன்றியா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் உடம்பு முடிவெடுத்துவிடுகிறது.

மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி அபாயச் செய்தியை, உடம்பின் தானியங்கி வேலைகளை நடத்தும் ஹைப்போதலாமஸ் என்ற இன்னொரு மூளைப் பகுதிக்குத் தருகிறது. அங்கிருந்து நரம்பு வழியாகக் கட்டளை பறக்கிறது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது, ஏனென்றால் ஓடப்போகும் கால்களுக்கு ரத்தம் வேண்டும். கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே விடுகிறது. மூச்சு வேகமெடுக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் கை ஜில்லிடுகிறது. உடம்பு சூடேறாமல் இருக்க வியர்வை வருகிறது. சாப்பிட்டதைச் செரிக்க இது நேரமில்லை என்பதால் குடலின் ஒழுங்கான வேலை குலைகிறது. வயிற்றைக் கலக்குவது அதனால்தான். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே இந்த ஏற்பாட்டை ‘எதிர்த்து நில், இல்லையேல் ஓடு’ என்று விளக்கினார். பரணில் இருப்பவரின் உயிரைக் காப்பது இதுதான். அவருக்கு நெஞ்சு படபடப்பதை நாம் யாரும் நோய் என்று சொல்வதில்லை.

இனி யானையே இல்லாத ஓர் இடம். தர்மபுரியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு எடுக்க மனைவியோடு சேலத்துக்குப் பஸ்ஸில் போகிறார். தொப்பூர் கணவாய் இறக்கம். லாரிகள் கவிழ்ந்த செய்தியைப் படித்துப் படித்து நமக்கெல்லாம் பழகிப்போன அதே வளைவுகள். முந்தின நாள் இரவு சரியான தூக்கமில்லை. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீ. கடன் தவணை வேறு தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று இதயம் ஒருமுறை தூக்கிப்போட்டதுபோல் இருக்கிறது.

“ஏங்க, என்ன பண்ணுது? மொகமெல்லாம் வேர்க்குது.”

“மூச்சு முட்டுது. வண்டிய நிறுத்தச் சொல்லு.”

நெஞ்சு இறுகுகிறது, விரல் நுனியும் உதடும் மரமரக்கின்றன, தலை சுற்றுகிறது. செத்துவிடுவோம் என்று அவர் உறுதியாக நம்புகிறார். இதைத்தான் மருத்துவர்கள் பீதித் தாக்குதல் என்கிறார்கள். ஆங்கிலப் பெயரான ‘பேனிக் அட்டாக்’ இன்று எல்லோருக்கும் தெரியும். பரண்மேல் இருந்தவருக்கு நடந்த அதே ரசாயனம்தான் பஸ் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் நடக்கிறது. இவருக்கு ஓட வேண்டிய தேவை இல்லை, அவ்வளவுதான். “எல்லாம் உன் கற்பனை” என்று இவரிடம் சொல்பவர்கள் உடலியலே தெரியாமல் பேசுகிறார்கள். அந்தத் துடிப்பும் வியர்வையும் முழுக்க முழுக்க நிஜம்.

மூச்சு முட்டுவதாகத் தோன்றுகிறதே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலோர் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி, அதை இந்த நேரத்தில் அவர் விரலில் மாட்டினால் ஆக்சிஜன் நிறைவாகவே இருக்கும். குறைந்திருப்பது கார்பன் டை ஆக்சைடு. உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு, ஓடுகிறவர்போல் வேகமாக மூச்சு வாங்கினால், உடம்பு உண்டாக்குவதைவிட அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும். அது குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும். உடனே மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலைசுற்றல், கண் இருட்டல், சுற்றி நடப்பதெல்லாம் கனவுபோல் விலகி நிற்பது எல்லாம் இதனால் வருபவை. காரத்தன்மை கூடும்போது ரத்தத்தில் தனித்து உலவும் கால்சியம் அயனிகளும் குறைகின்றன. நரம்புகள் தானாகவே கிளர்ச்சி அடைகின்றன. உதடும் விரல்களும் மரமரப்பது அந்தக் கணக்கில் சேரும். சிலருக்குக் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளவும் செய்யும். விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகள் இறுகி வேலை செய்வதால் நெஞ்சு வலிக்கிறது. காற்று போதவில்லை என்று நினைத்து அவர் இன்னும் ஆழமாக இழுக்க இழுக்க, இத்தனையும் கூடுகின்றன.

மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயமும் கூடவே வரும். மயக்கம் வருவது பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது. பீதியில் அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் பீதித் தாக்குதலில் மயங்கி விழுவது அரிது.

அட்ரீனலின் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை, சில நிமிடங்களில் சிதைந்துவிடும். தாக்குதல் சுமார் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாக இறங்கும். அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் அது திரும்பத் திரும்ப வருகிறது? 1986-ல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் சொன்ன விளக்கம் இன்றைக்கும் சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது. நெஞ்சில் ஒரு சிறு துடிப்பு. அதற்கு மனம் ‘இது ஹார்ட் அட்டாக்’ என்று அர்த்தம் கொடுக்கிறது. அந்த அர்த்தம் பயத்தைக் கிளப்ப, பயம் துடிப்பைக் கூட்ட, கூடிய துடிப்பு அந்த அர்த்தத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. சில விநாடிகளில் வட்டம் சுழலத் தொடங்கிவிடும்.

இந்த அலாரம் உடம்புக்கு உள்ளிருந்தே கிளம்ப முடியும் என்பதைக் காட்டிய ஓர் ஆய்வு என்னை வியக்க வைத்தது. அரிய நோயால் அமிக்டலா இரு பக்கமும் சேதமடைந்த மூன்று பேரை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு முறை இழுக்கச் சொன்னார்கள். மூன்று பேருமே பீதியில் துடித்தார்கள். கார்பன் டை ஆக்சைடு திடீரென்று கூடினாலும், மூச்சடைக்கிறது என்று உடம்பு அலாரம் அடிக்கும். 2013-ல் இது வெளியானது. பாம்பைக் கண்டும் கலங்காத ஒருவர் அவர்களில் இருந்தார், அவரும் மூச்சிலிருந்து எழுந்த எச்சரிக்கையில் கலங்கிப்போனார். மனத் துணிவு உள்ளவனுக்கு இதெல்லாம் வராது என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் கடைக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அது மிகச் சரியான செயல். முதல்முறை வரும் நெஞ்சுவலியைப் பீதி என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருப்பவர்களும், நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் வலி உள்ளவர்களும், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறவர்களும் கட்டாயம் ஈ.சி.ஜி. எடுத்தே ஆகவேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, சர்க்கரை இறங்கிப்போவது இவையும் இதே படபடப்பைத் தரும், அதனால் ரத்தப் பரிசோதனையும் தேவை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் நடப்பதில்தான் எனக்கு வருத்தம். “ஒண்ணுமில்ல, கேஸ்தான்” என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கு நடந்தது என்ன என்பதை விளக்க ஐந்து நிமிடம் யாரும் ஒதுக்குவதில்லை. விளக்கம் கிடைக்காதவர் அடுத்த மாதம் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுக்கிறார், பிறகு ஓடவிட்டு இதயத்தைச் சோதிக்கும் டி.எம்.டி. ஓடுகிறார், சேலத்தில் ஒன்று, பெங்களூரில் ஒன்று என்று ஃபைல் தடிக்கிறது. நடுவில் முனியப்பன் கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் சில நாள் நிம்மதி தருகிறது. அப்புறம் ‘இதில் தெரியாமல் விட்டிருப்பார்களோ’ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. அவர் தொப்பூர் வழியாகப் போவதை நிறுத்துகிறார். சேலம் போக வேண்டுமென்றால் மொரப்பூர் போய் ரயில் ஏறுகிறார். கொஞ்ச நாளில் ரயிலிலும் ‘நடுவில் இறங்க முடியாதே’ என்ற நினைப்பு வர, அதுவும் நிற்கிறது. சரக்கெடுக்கத் தம்பி போகிறான். கல்யாணத்துக்குப் போனாலும் வாசல் பக்கமாகவே உட்காருகிறார். பாக்கெட்டில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் மனைவி. விலகும் ஒவ்வொரு முறையும் பயம் சட்டென்று குறைவதால், ‘விலகியதால்தான் பிழைத்தேன்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. விலகாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைக்கவில்லை. என் கணிப்பில், முதல் தாக்குதலைவிட இந்த விலகல்தான் ஒருவரின் வாழ்க்கையை அதிகமாகப் பறிக்கிறது. வெளியே போவதும் மனிதர்களைப் பார்ப்பதும் குறையக் குறைய மனச்சோர்வும் வந்து சேர்ந்துகொள்ளும்.

ஆகவே சிகிச்சையின் திசை விலகியதை நோக்கித் திரும்புவது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950-களில் பயத்தைப் படிப்படியாக அணுகும் முறையை வகுத்தார். அது பல மாற்றங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கடைக்காரருக்கு அது இப்படி அமையலாம். முதலில் டவுன் பஸ்ஸில் நல்லம்பள்ளி வரை மனைவியோடு. பிறகு தனியாக. பிறகு பாளையம் சுங்கச்சாவடி வரை. கடைசியில் கணவாய். ஒரு படியில் பயம் உச்சத்துக்கு ஏறும்போது இறங்கி ஓடாமல், அது தானாக வடியும்வரை உட்கார்ந்திருப்பதுதான் இதில் உயிரான விஷயம். தண்ணீர் பாட்டிலையும் பாக்கெட் மாத்திரையையும் ஒவ்வொன்றாக வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் பிழைத்த பெருமை பாட்டிலுக்குப் போய்விடும். சில சிகிச்சையாளர்கள் அறைக்குள்ளேயே நின்ற இடத்தில் ஓடச்சொல்லி, சுழல் நாற்காலியில் சுற்றவைத்து, அந்தப் படபடப்பையும் தலைசுற்றலையும் வேண்டுமென்றே வரவழைப்பார்கள். இவை வந்தும் தனக்கு எதுவும் நேரவில்லை என்பதை உடம்பே கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக.

பழைய பயம் மூளையிலிருந்து அழிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் பக்கத்தில் ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற புதிய நினைவு உருவாகிறது. மூளையின் முன்பகுதி அதைக் கொண்டு அமிக்டலாவை அடக்குகிறது. புதிய நினைவு வலுவாக, பல இடங்களில், பல நேரங்களில் பழக வேண்டும். ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு, தூக்கம் கெட்ட ஒரு வாரத்தில் படபடப்பு திரும்பி வந்தால் எல்லாம் வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய நினைவு ஒருமுறை தலைதூக்கியிருக்கிறது, பயிற்சியைத் தொடர வேண்டும்.

தாக்குதலின்போது மூச்சை நிதானமாக்குவது உதவும். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடலாம். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறை வேண்டாம், உண்மையில் இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்தாகும். காபி, டீ குடிப்பதைக் குறைத்துப் பார்ப்பது நல்லது, குறிப்பாக ஒசூர் சிப்காட் ஷிப்டுகளில் தூக்கத்தை விரட்ட டீயையே நம்பியிருப்பவர்கள். பீடி, சிகரெட் மனதை ஆற்றுவதாகத் தோன்றினாலும் நிக்கோடின் இதயத் துடிப்பைக் கூட்டவே செய்கிறது. மது அன்றிரவு பயத்தை அமுக்கும், போதை இறங்கும் மறுநாள் காலையில் அதே பயத்தை இரண்டு மடங்காகத் தரும்.

மாத்திரையைப் பற்றித் தேவையில்லாத பயமும் இருக்கிறது, தேவையில்லாத துணிச்சலும் இருக்கிறது. பீதிக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை பழக்கத்துக்கு அடிமையாக்கும் வகை அல்ல. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். முதல் சில நாட்கள் படபடப்பு சற்று அதிகமாகவும் வாய்ப்புண்டு. இதை முன்கூட்டியே சொல்லாததால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அல்பிரசோலம் வகை மாத்திரைகள் அரைமணி நேரத்தில் ஆற்றிவிடும், ஆனால் பழகிப்போகும். அவற்றை மெடிக்கலில் தானே கேட்டு வாங்கிப் போடுவதும், நெடுநாள் போட்டபின் திடீரென்று நிறுத்துவதும் கெடுதல். எதையும் மருத்துவர் சொல்லும் அளவில், அவர் சொல்லும்போது குறைக்க வேண்டும்.

2015–16-ல் பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் அப்போது இருந்தது தெரியவந்தது. சிகிச்சை கிடைக்காதவர்களே அவர்களில் பெரும்பான்மை. நம் பக்கத்தில் போக இடமில்லை என்றும் சொல்ல முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டமும் இயங்குகிறது. ஒசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் ஒசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ். நேரில் போகக் கூச்சமாக இருந்தால், 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்துவிட்டவர்கள் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், இப்போதே அந்த எண்ணை அழுத்துங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

ஓ.பி.யில் சீட்டு வாங்கி உள்ளே போகும்போது தடித்த ஃபைலோடு ஒரு தாளும் கொண்டுபோவது நல்லது. படபடப்பு முதலில் எப்போது வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, அந்த நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று பயந்தீர்கள், அதற்குப் பயந்து எங்கெங்கே போவதை நிறுத்தியிருக்கிறீர்கள், என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் மருத்துவருக்கு ஈ.சி.ஜி. தாளைவிட அந்தத் தாள் அதிகம் சொல்லும்.