வெயிலை நம்பிச் செதுக்கிய சுவர்கள்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குள் ஒரு முழு எகிப்தியக் கோயில் நிற்கிறது. தெந்தூர் கோயில் என்பது அதன் பெயர். கி.மு. 10-ஐ ஒட்டி, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், நைல் நதியின் மேற்குக் கரையில் மணற்கல்லால் எழுப்பப்பட்டது. அஸ்வான் உயர் அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதிருக்க 1963-இல் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டது. எகிப்து 1965-இல் அதை அமெரிக்காவுக்குப் பரிசளித்தது. 1978 முதல் கண்ணாடிக் கூடமொன்றில் மக்கள் பார்வைக்கு இருக்கிறது. கற்களை 661 பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவர முடிந்தது. அந்தச் சுவர்கள் நம்பியிருந்த வெயிலைத்தான் கொண்டுவர முடியவில்லை.

எகிப்தியச் சிற்பிகள் சுவரில் இரண்டு வகையாகச் செதுக்கினார்கள். ஒன்று, நாம் நன்கறிந்த புடைப்புச் சிற்பம்: சுற்றியுள்ள கல்லை நீக்கிவிட உருவம் மேலெழுந்து நிற்கும். மற்ற முறையில் பின்னணிக் கல்லைத் தொடுவதே இல்லை. உருவத்தின் வெளிக்கோட்டை ஆழமாக வெட்டி, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே தோளும் வயிறும் முழங்காலும் இழைக்கப்படும். எந்தப் பகுதியும் சுவரின் மட்டத்தைத் தாண்டாது. பொதுவாக முதல் வகை இருண்ட உள்ளறைகளுக்கு, இரண்டாவது வெயில் படும் வெளிச்சுவர்களுக்கு.

காரணம் எளிய வடிவியல். தெந்தூர் இருந்த இடம் ஏறக்குறைய கடக ரேகை. ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடும். ஒளி சுவரை நேராகத் தாக்காது, மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். ஒளிக்கும் சுவருக்கும் இடையே 45 பாகை இருந்தால், 1 செ.மீ. ஆழமுள்ள வெட்டின் விளிம்பு பள்ளத்துக்குள் 1 செ.மீ. நிழல் தரும். கோணம் 10 பாகையாகக் குறைந்தால் அதே வெட்டின் நிழல் 5.7 செ.மீ. வரை நீளும். மேல் விளிம்பு கறுக்க, எதிரேயுள்ள கீழ் விளிம்பு பளிச்சிட, தொலைவிலிருந்தே உருவம் தெளிவாகத் தெரியும். விரற்கடை ஆழத்தில் இவ்வளவு சாதித்த அறிவை எத்தனை பாராட்டினாலும் தகும்.

கூடத்தின் கூரையிலும் வடக்குச் சுவரிலும் உள்ள புள்ளியிட்ட கண்ணாடி ஒளியைச் சிதறடித்து உள்ளே விடுகிறது. சிதறிய ஒளி பள்ளத்துக்குள் எல்லாத் திசையிலிருந்தும் நுழைவதால் நிழலின் விளிம்பு மங்கிவிடுகிறது. அதற்காகக் கோயிலை வெளியே வைக்கவும் வழியில்லை. மணற்கல்லின் நுண்துளைகளில் புகும் மழைநீர் நியூயார்க் குளிரில் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும், கல் உதிரும்.

நிறமும் போய்விட்டது. ஒருகாலத்தில் இந்தச் சுவர்களில் வண்ணம் பூசப்பட்டிருந்தது. 1902-இல் முடிந்த பழைய அஸ்வான் அணையின் நீர் பல ஆண்டுகள் கோயிலை மூழ்கடித்ததில் அது கரைந்தது. 2016-இல் அருங்காட்சியகம் ஒரு நல்ல வழியைக் கையாண்டது. அகஸ்டஸ் தெய்வங்களுக்கு மது படைக்கும் காட்சியின் மீது, செதுக்கலின் கோடுகளோடு பிசகாமல் பொருந்தும்படி, புரொஜெக்டர் மூலம் வண்ண ஒளி வீசப்பட்டது. கல்லில் ஒரு துளி சாயமும் படவில்லை. ஆய்வில் கருத்து மாறினால் நிறத்தையும் மாற்றிக்கொள்ளலாம். பழுப்புக் கல் நீல ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால், இப்படி வண்ணம் வீசுவோர் அந்த இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெளிச்சுவர்கள் இழந்த நிழலுக்கும் இதே போன்ற முயற்சி தேவை என்பது என் உறுதியான எண்ணம். கூடம் இருட்டிய பிறகு, சுவரை ஒட்டி உயரத்தில் ஒரே ஒரு வலுவான விளக்கு போதும். அதைக் கிழக்கிலிருந்து மேற்காக மெல்ல நகர்த்தினால், கோயில் முன்பு இருந்த நூபியாவின் ஒரு பகற்பொழுதில் அந்த உருவங்கள் எப்படி மாறின என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடலாம்.