சாஃப்ட் மேட்டர்: மென்மையா, நெகிழ்வா?

சாஃப்ட் மேட்டர் (soft matter) என்ற இயற்பியல் துறையின் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'மென்பொருள்' வரும். அதைக் கணினித் துறை எப்போதோ எடுத்துக்கொண்டது. சரி, 'மென்பருப்பொருள்' என்று நீட்டினால் குழப்பம் தீரும். ஆனாலும் எனக்கு நிறைவில்லை.

பிரெஞ்சு ஆய்வாளர்களின் 'மத்தியேர் மோல்'தான் இதன் மூலம். பியேர்-ஜில் தெ ஜென் 1991-இல் இயற்பியல் நோபெல் பரிசு பெற்றபோது தம் உரைக்கு இதையே தலைப்பாக வைத்தார். அமெரிக்கர்கள் 'சிக்கலான பாய்மங்கள்' என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மாணவர்களை விரட்டும் பெயர் என்றார். அவர் காட்டிய உதாரணம் ரப்பர் பால். அமேசான் பழங்குடியினர் அதைக் காலில் பூசிக் காயவிட்டால் காலணி ஆகிவிடும். பாலிலுள்ள 200 கரி அணுக்களில் ஒன்றோடுதான் காற்றின் ஆக்சிஜன் சேர்கிறது, அதற்கே பால் ரப்பராகிவிடுகிறது. சின்னத் தூண்டலுக்குப் பெரிய மாற்றம்: இத்துறையில் மென்மை என்றால் இதுதான். தொட்டால் மெத்தென்று இருப்பது அல்ல.

அந்தப் பாலை நம் வீடுகள் அறியும். 1877-இல் ரப்பர் கன்றுகள் நம் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டை சீவும் முறையைப் பிறகு பூங்காவின் இயக்குநர் ரிட்லி அங்கே வகுத்தார். என் பாட்டி மலேசியாவின் ஜொகூர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் சீவி, மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) சொட்டியதை வாளியில் சேர்த்து ஆலைக்குக் கொண்டுபோவார்களாம். அங்கே கொஞ்சம் திராவகம் விட்டுக் கலக்கினால் போதும், தொட்டிப் பால் முழுக்கக் கட்டியாகிவிடும். பாலில் மிதக்கும் துகள்கள் எதிர்மின் ஏற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். அமிலம் அந்த ஏற்றத்தைப் போக்கியதும் ஒட்டிக்கொள்கின்றன.

இதற்கு நம்மிடம் நல்ல வினை இருக்கிறது: நெகிழ்தல். சங்கப் பாடல்களில் பிரிவால் மெலிந்த தலைவியின் வளை நெகிழும்; ஒரு சொல் கேட்டு மனம் நெகிழும். எப்போதும் ஏதோ ஒன்றுக்கான எதிர்வினை. அதனால் 'நெகிழ்பொருள்' என்பதே என் தேர்வு. நெகிழி நினைவுக்கு வருமே என்றால், வரட்டும். அதுவும் பால்மரப் பாலைப் போல நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனதுதான்.

உயிரியலில் இச்சொல் இன்னும் பொருந்துகிறது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு சுமார் 5 நானோமீட்டர் தடிமன்தான். நீர்மம் போல ஓடும், தாள் போல வளையும். செல்கள் தாம் ஒட்டியிருக்கும் பரப்பு கடினமா இளக்கமா என்று உணர்ந்து நடந்துகொள்கின்றன. இப்படிப்பட்ட விசைகளை ஆராயவே சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயக்கவியல் உயிரியல் கழகம் ஒன்று இயங்குகிறது. சுமார் 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணு தன்னைவிடக் குறுகிய நுண்குழாயில் எப்படிப் போகிறது என்று என் மகள் கேட்டாள். 'நெகிழ்ந்து நுழைஞ்சிடும்மா' என்றுதான் வாயில் வந்தது.