அவ்தமாத்: சொல் விளக்கம்

சோவியத் காலத்துக் கதைகளைத் தமிழில் பெயர்ப்பவர்களைப் படுத்தி எடுக்கும் ரஷ்யச் சொற்களில் ‘அவ்தமாத்’ ஒன்று. வேர் கிரேக்கம். யாரும் ஏவாமல் தானாகச் செய்வது என்று பொருள். ‘ஆட்டோமேட்டிக்’ பிறந்ததும் அதே வேரில்தான். ரஷ்யர்களோ அதைப் பெயர்ச்சொல்லாக்கிக் கண்ட பொருளுக்கெல்லாம் வைத்துவிட்டார்கள். தெருவில் நின்ற சோடா மெஷின் அவ்தமாத்: 1 கோபெக் (ரூபிளில் நூறில் ஒரு பங்கு) போட்டால் வெறும் சோடா, 3 கோபெக்குக்குச் சிரப் கலந்தது. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கண்ணாடித் தம்ளர், கவிழ்த்து அலசிவிட்டுக் குடிக்க வேண்டியதுதான். 2 கோபெக் பொதுத் தொலைபேசியும் அவ்தமாத். ஏகே-47இன் ‘ஏ’ கூட இதே சொல்லின் முதலெழுத்து. ஆண்டு முழுக்க நன்றாகப் படித்த மாணவருக்குத் தேர்வு வைக்காமலே தரும் தேர்ச்சிக்கும் கல்லூரிப் பேச்சில் இதுதான் பெயர்!

‘இக்ரா’ என்றால் ஆட்டம். காசு போட்டு ஆடும் பெட்டி ‘இக்ரவோய் அவ்தமாத்’. 1971இல் மாஸ்கோவில் நடந்த கேளிக்கைக் கருவிக் கண்காட்சிக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்தன. அவற்றைப் பார்த்து உள்நாட்டிலேயே செய்யும் வேலை ராணுவத் தொழிற்சாலைகளிடம் போனது. மின்னணுப் பாகமும் கைதேர்ந்த பொறியாளரும் அங்கேதானே இருந்தார்கள்.

அதில் பேர்பெற்றது ‘மர்ஸ்கோய் போய்’, அதாவது கடற்போர். அமெரிக்க இயந்திரம் ஒன்றின் சாயலில் செய்தது. பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிஸ்கோப்பில் முகத்தைப் பதித்துப் பார்த்தால் தொலைவில் கப்பல்கள் நகரும். உள்ளே திரையும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. கப்பல் வடிவங்களை ஒரு சங்கிலி இழுத்துச் செல்லும், கண்ணாடிகள் கடலுக்கு ஆழம் காட்டும். பொத்தானை அழுத்தினால் சிறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். அதுதான் டார்பிடோ ஓடும் தடம். கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதற்குச் சற்று முன்னால் குறிவைத்தால்தான் படும். ஓர் ஆட்டத்துக்கு உள்ள பத்து டார்பிடோக்களும் பட்டால் இன்னொரு ஆட்டம் இலவசம். பரிசு அவ்வளவுதான், காசு திரும்பி வராது.

ஓர் ஆட்டத்துக்கு 15 கோபெக். மெட்ரோவில் மூன்று முறை போகும் காசு அது. சிறுவர்கள் நாணயத்தில் நூலைக் கட்டி உள்ளே விட்டு, ஆட்டம் தொடங்கியதும் மேலே இழுக்கப் பார்த்ததில் வியப்பில்லை.

இவற்றை ‘ஆர்கேட்’ என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆர்கேட் என்பது வளைவுகள் வரிசையாக நிற்கும் நடைபாதை. மேலை நாடுகளில் காசு விளையாட்டுகள் அங்கே கடை விரித்ததால் வந்த பெயர். சோவியத் பெட்டிகள் நின்றதோ பூங்காவில், சினிமா கொட்டகை முகப்பில், ரயில் நிலையத்தில்.

‘விளையாட்டுத் தானியங்கி’ என்றால் சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் ஏதோ அது தானே ஆடிக்கொள்வதுபோல் ஒலிக்கிறது. ‘பொறி’ நமக்குப் பழைய சொல். மதுரைக் கோட்டைக் காவலில் ‘வளைவிற் பொறி’ இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தானே வளைந்து அம்பு எய்யும் இயந்திர வில் என்பது உரை. அவ்தமாத்தின் பொருளும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே ‘விளையாட்டுப் பொறி’ என்றே எழுதலாம். காசு போடுவதை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘காசுப்பொறி’.

ஆனால் எந்தக் காலத்து எழுத்து என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சோவியத் சரிந்து விலைவாசி ஏறியதும் 15 கோபெக்குக்கு மதிப்பே இல்லாமல் போய், பழைய பெட்டிகள் மூலைக்குப் போயின. அப்புறம் ‘இக்ரவோய் அவ்தமாத்’ என்றாலே பணம் வைத்து ஆடும் ஸ்லாட் மெஷின் என்றாகிவிட்டது. குறிப்பிட்ட சில மண்டலங்களுக்கு வெளியே அவற்றை ரஷ்யா தடை செய்தது 2009 ஜூலையில். அந்த வகை வரும் இடத்தில் ‘சூதாட்டப் பொறி’ பொருந்தும். எலிப்பொறியின் வாடையும் சேர்ந்தே வரும், வரட்டும். மாஸ்கோவில் 2007இல் திறந்த அருங்காட்சியகத்தின் பெயரிலும் இதே சொற்கள் உள்ளன. அங்கே இருப்பவை பழைய பெட்டிகள், ஆடுவதற்குப் பழைய 15 கோபெக் நாணயங்களையும் தருகிறார்கள். எனவே அது ‘சோவியத் விளையாட்டுப் பொறிகள் அருங்காட்சியகம்’.