பீரோவுக்குள் கிழிந்துகொண்டிருக்கும் புடவைகள்

கல்யாணப் பட்டு, இறந்துபோன அம்மாவின் நூல்சேலை, பிள்ளைக்கு முதலில் போட்ட சட்டை. வீட்டை ஒழுங்குபடுத்தும் வேலை மளமளவென்று நடந்து வந்து, இந்த மூன்றின் முன்னால் நின்றுவிடும். "இருக்கட்டும், பத்திரமாகத்தானே இருக்கு" என்று பீரோவை மறுபடி சாத்திவிடுவார்கள். உண்மையில் அவை அங்கே பத்திரமாக இல்லை.

பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்தால் மடிப்புக் கோட்டிலேயே நூல் இற்றுப்போகும். சரிகை உலோகம் என்பதால் மடிந்த இடத்தில் விறைத்து நின்று பக்கத்துப் பட்டு இழையை அறுக்கிறது. உடுத்திக் கழற்றிய வியர்வையோடு உள்ளே போனது என்றால் இடுப்புப் பக்கம் இன்னும் சீக்கிரம் நைந்துவிடும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து வைப்பதால் பூஞ்சை பிடிக்கிறது. கஞ்சி போட்ட நூல்சேலையை ராமபாணப் பூச்சி தேடி வரும். அந்துருண்டையை மடிப்புக்குள் நேரடியாகச் செருகினால் துணியில் கறை படியலாம், சரிகையும் மங்கும்.

அந்துருண்டை விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மூத்த பிள்ளையின் சட்டையை எடுத்து, பெட்டியிலிருந்து வந்த வாசனையோடே, புதிதாகப் பிறந்த பேரனுக்குப் போட்டுவிடுகிறோம். நாப்தலீன் உருண்டையின் ஆவி துணியில் ஊறியிருக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதில்லை. ஆகவே பச்சைக் குழந்தைக்கு அந்துருண்டை போட்டு வைத்த துணியே வேண்டாம். நினைவுக்கு ஒரு சட்டையை எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் துவைத்து, வாசனை அடியோடு போகும்வரை பல நாள் வெயிலில் போட்டு, வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆகுமென்றால் கொடுங்கள். விறைத்துப்போன எலாஸ்டிக்கும் ஆடும் பொத்தானும் உள்ளதைக் கழித்துவிடலாம்.

எங்கே தொடங்குவது? நிச்சயமாக இவற்றில் அல்ல. நைட்டி, சாயம் போன பனியன், அளவு பத்தாத சுடிதார் என்று மனசு ஒட்டாத துணிகளை முதலில் முடியுங்கள். கை பழகிய பிறகு, மழை இல்லாத நாளில், காலை வெளிச்சத்தில் நினைவுத் துணிகளுக்கு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டை வெளியே எடுக்கவே வேண்டாம். ஒரு வேளைக்கு இருபது உருப்படி போதும். அதற்கு மேல் போனால் ஒன்று அலுப்பில் எல்லாவற்றையும் தள்ளுவீர்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் திரும்ப மடித்து வைப்பீர்கள். கட்டிலில் வெள்ளை விரிப்பு போட்டு ஒவ்வொன்றையும் முழுசாகப் பிரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் ஒளி கசிந்தால் அங்கே நூல் போய்விட்டது. இரண்டு விரலால் மெல்ல இழுக்கும்போதே பிளந்தால் அந்தப் புடவையை இனி யாராலும் உடுத்த முடியாது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு முடிவெடுப்பது பலருக்கும் எளிதாகிவிடுகிறது. பீரோ சாத்தியிருக்கும்வரைதான் அது கல்யாணத்தன்று இருந்த புடவை.

இறந்தவரின் துணிக்கு வேறு கணக்கு. காரியம் முடிந்த கையோடு உறவினர்கள் பீரோவைக் காலி செய்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். உதவியாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் எது எங்கே போனது என்று தெரியாமல், வருஷக்கணக்கில் மனஸ்தாபம் வருவதும் அதனால்தான். முதல் வருஷ திதி வரை ஒரு தட்டை அப்படியே விட்டுவைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பிறகு மகள், மருமகள், பேத்தி எல்லோரும் இருக்கும்போது அந்தத் துணிகளைப் பங்கிடுங்கள். ஒருவர் முடிவெடுத்து மற்றவர் கேள்விப்படுவதாக இருக்கக் கூடாது. வாசனைக்காகத் துவைக்காமல் ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பினால், பட்டை விட்டுவிட்டு நூல்சேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வியர்வையைப் பட்டைவிட அது தாங்கும்.

எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பார்கள். ஒருவரின் நினைவாக ஒன்று என்பது எங்கள் கணக்கு. கறாராகத் தோன்றலாம். ஆனால் வீட்டுத் தெய்வத்துக்குப் பெட்டியில் புடவை வைத்துக் கும்பிடும் குடும்பங்களில், வருஷத்துக்கு ஒருமுறை புதியதை வைத்துப் பழையதை வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்து உடுத்திக்கொள்ளும் வழக்கமே உண்டு. தெய்வத்தின் புடவையைக்கூடச் சேர்த்து வைப்பதில்லை.

வைத்துக்கொள்வதைச் சரியாக வையுங்கள். கஞ்சி போடாத பழைய வேட்டியிலோ மல் துணியிலோ சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விடவும். யாருடையது, எந்த வருஷம், எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று ஓர் அட்டையில் எழுதி உள்ளே போடுங்கள். அட்டை இல்லாத புடவை அடுத்த தலைமுறைக்கு வெறும் பழந்துணி. முழுப் புடவையும் நைந்துவிட்டால் முந்தியில் ஓரடிச் சதுரம் வெட்டி, பருத்தித் துணியில் தைத்துச் சட்டம் போடலாம். பசை போட்டு ஒட்டினால் கறை ஏறும்.

பட்டில் நையாத பகுதி இருந்தால் சின்னப் பெண்ணுக்குப் பாவாடை ஆகும். உள்ளே செருகும் முனையில் சாயம் குறைவாகத்தான் போயிருக்கும், அது உறுதியாக இருந்தால் அங்கிருந்து வெட்டச் சொல்லுங்கள். பருத்தி உள்துணி கொடுக்காமல் தைத்தால் ஊசித் துளை வழியே கிழியும். அந்துருண்டை படாத, மெத்தென்று ஆன நூல்சேலைக்குத் தூளியைவிட நல்ல இடம் கிடையாது. கட்டுமுன் இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழிந்த பட்டை சரிகைக்காக விற்பதில்தான் ஏமாற்று அதிகம். அசல் சரிகையில் பட்டு இழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றி, அதன் மேல் தங்க முலாம் ஏற்றியிருக்கும். தங்கம் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவு, பணம் வெள்ளிக்குத்தான். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிச் சுரண்டுங்கள். கம்பியில் செம்பு நிறம் தெரிந்தால் அது டெஸ்டட் சரிகை என்று கடையில் சொல்லும் செம்புச் சரிகை, விலை மிகக் குறைவு. பளபளவென்று பிளாஸ்டிக் நாடாபோலப் பிரிந்தால் விலையே கிடையாது. வாசலில் கூவி வருபவர் "எல்லாம் செம்பும்மா" என்று சொல்லி மொத்தமாக ஒரு தொகையை நீட்டினால் கொடுக்காதீர்கள். சரிகையைச் சோதிக்கும் இயந்திரம் உள்ள கடையில், வெள்ளி எத்தனை சதவீதம் என்று பார்த்து, குறைந்தது இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். எடை போடுவது கண்முன்னே நடக்கட்டும்.

மீதியைத் தானமாகக் கொடுப்பதற்கு முன் முந்தி முடிச்சு, சட்டைப் பை, ஊக்கு எல்லாம் பார்க்கவும். கிழிசலையும் உள்ளாடையையும் தர்மக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவை துடைக்கும் துணிக்கு. கட்டிய மூட்டை இரண்டு நாளைக்குள் வீட்டை விட்டுப் போயாக வேண்டும். மூன்றாம் நாள் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள், பாதி பீரோவுக்குத் திரும்பிவிடும்.