கையைக் கடிக்காத மின்சார கார்: விலை இறங்கியது எப்படி?

நீளம் ஏறத்தாழ 96 செ.மீ., உயரம் 9 செ.மீ., தடிமன் ஒன்றரை செ.மீ.கூட இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் இழைத்து வைத்த மரச்சட்டம் போலிருக்கும் ஓர் அலுமினிய உறை. உள்ளே இரும்பு, பாஸ்பேட், லித்தியம், கிராஃபைட். சீனாவின் பிஒய்டி நிறுவனம் 2020 மார்ச்சில் 'பிளேடு' என்ற பெயரில் வெளியிட்ட பேட்டரி செல் இது. மின்சார கார் வசதி படைத்தவர்களின் வாகனமாக இருந்த நிலை மாறியதில் இந்த ஒல்லிச் சட்டத்துக்கும் இதைப் போன்ற மற்ற செல்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

மின்சார காரில் அதிக விலை பிடிக்கும் பாகம் பேட்டரிதான். அதன் கொள்ளளவைக் கிலோவாட் மணியில் அளப்பார்கள். மின்கட்டண ரசீதில் ஒரு யூனிட் என்று வருவதும் அதே அளவுதான் என்பதால், இங்கே யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். 2010ஐ ஒட்டிய காலத்தில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் செலவானது. இன்றைய நடுத்தர கார்களில் இருக்கும் 60 யூனிட் பேட்டரியை அன்று செய்திருந்தால், பேட்டரிக்கு மட்டுமே 60,000 டாலர் போயிருக்கும். எரிசக்தித் துறையை ஆராயும் ப்ளூம்பெர்க்என்இஎஃப் நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில் 2024இன் சராசரி யூனிட்டுக்கு 115 டாலர். அதே 60 யூனிட்டுக்கு 6,900 டாலர். நிறுவனங்களுக்குள் நடக்கும் போட்டாபோட்டி முழுவதும் இந்த இறக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

இறக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய முறையில் செல்களைச் சிறு கட்டுகளாகக் கட்டுவார்கள். அதற்கு மாட்யூல் என்று பெயர். ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனிச் சட்டம், தனி மூடி, போல்ட்டுகள், வயர்கள். பிறகு மாட்யூல்களை ஒரு பெரிய பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டியின் உள்ளிடத்தில் செல்கள் பிடித்த இடம் சுமார் 40 சதவீதம். மீதி உலோகமும் வெற்றிடமும். மாட்யூலையே எடுத்துவிட்டு, செல்களை நேரடியாகப் பெட்டியில் வைக்கும் முறையை சீனாவின் இன்னொரு பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் 2019இல் கொண்டுவந்தது. பிளேடு இன்னும் ஒரு படி மேலே போனது. பெட்டியின் குறுக்கே நீளமாகக் கிடக்கும் செல்லே உத்தரம் போல எடையைத் தாங்குகிறது. செல்கள் பிடிக்கும் இடம் 60 சதவீதம் வரை ஏறியது. பாகங்கள் குறைந்தால் விலை குறையும் என்பது வெளிப்படை. அதைவிட முக்கியமான ஒன்று இதனால் நடந்தது: காருக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட ஒரு வேதியியல் திரும்பி வந்தது.

அதுதான் எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு கண்டறிந்த பொருள் இது. (அவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.) நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி செல்லில் கோபால்ட்டும் நிக்கலும் விலையை ஏற்றும். எல்எஃப்பியில் இரும்பும் பாஸ்பேட்டும், இரண்டும் மலிவு. ஆனால் அதே எடைக்கு எல்எஃப்பி சேமிக்கும் மின்சாரம் என்எம்சி சேமிப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் பல ஆண்டுகள் அது பெரும்பாலும் பேருந்துகளோடு நின்றுபோனது. மாட்யூல் போய் இடம் கிடைத்ததும், காரின் அடியிலேயே போதிய எல்எஃப்பி செல்களை நிரப்ப முடிந்தது. இதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் தீப்பற்றாது. செல்களுக்கு நடுவே கனமான தடுப்புகள் வைக்கும் செலவும் குறைகிறது.

மலிவுக்கு ஒரு விலை உண்டு, அதை வாங்குபவர் தெரிந்திருக்க வேண்டும். எல்எஃப்பி செல்லின் மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் கிடக்கும். 30 சதவீத சார்ஜுக்கும் 70 சதவீத சார்ஜுக்கும் நடுவே அது மாறுவது சில பத்து மில்லிவோல்ட்தான். என்எம்சியில் சில நூறு. மின்னழுத்தத்தை வைத்துச் சார்ஜ் எவ்வளவு என்று சொல்ல முடியாததால், காரின் கட்டுப்பாட்டுக் கருவி உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிறது. சென்சாரின் சிறு பிழை ஒவ்வொரு நாளும் சேரும். சில வாரங்கள் 40க்கும் 80க்கும் நடுவிலேயே ஓட்டினால், திரையில் 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 9க்கு விழலாம். பேட்டரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கணக்குதான் தவறியிருக்கிறது. முழுச் சார்ஜில் மட்டும் மின்னழுத்தம் செங்குத்தாக ஏறி 3.5 வோல்ட்டைத் தாண்டும். அங்கே கணக்கு நேராகிவிடும். செல்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யவும் அதுவே நேரம். எல்எஃப்பி கார்களை வாரம் ஒருமுறை 100 சதவீதம் வரை சார்ஜ் செய்யச் சொல்வது இதனால்தான். என்எம்சி காருக்கு இதே பழக்கம் கெடுதல். இரண்டையும் குழப்பிக்கொள்வோர் ஏராளம்.

குளிரும் எல்எஃப்பிக்கு ஆகாது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் கிராஃபைட்டுக்குள் போய்த் தங்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால் அது கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். படிந்தது முழுவதும் திரும்பாது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அதைத் தவிர்க்கவே கார் தானாகச் சார்ஜ் வேகத்தைக் குறைக்கிறது. பேட்டரியைச் சூடாக்கும் வசதியை விலைக்காக வெட்டிய கார்களில், குளிர்காலச் சார்ஜிங் பொறுமையைச் சோதிக்கும்.

தொழிற்சாலையும் விலையை நிர்ணயிக்கிறது. செல் செய்வது மாவு கரைத்துத் தோசைக்கல்லில் மெல்லிசாகப் பரப்புவது போன்ற வேலை. இரும்பு பாஸ்பேட் பொடியைக் கரைப்பானில் குழைத்து அலுமினியத் தகட்டிலும், கிராஃபைட்டைக் குழைத்துச் செப்புத் தகட்டிலும் பூசுவார்கள். செப்புத் தகடு தலைமுடியைவிட மெல்லியது. நீண்ட அடுப்புகளில் உலர்த்தி, உருளைகளில் நசுக்கி, ஈரம் புகாத அறையில் செல்லாக்கி, முதல் சார்ஜை மெதுவாக ஏற்றி, நாள்கணக்கில் வைத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். நடுவில் ஓர் உலோகத் தூசி புகுந்தாலும் செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். செல்லின் விலையில் பாதிக்கு மேல் மூலப்பொருள் என்பதால், கழித்துப் போடும் ஒவ்வொரு செல்லும் பணத்தைக் குப்பையில் கொட்டுவதுதான். புதிய தொழிற்சாலைகள் அடிவாங்குவது இங்கேதான். ஐரோப்பாவின் பெரிய நம்பிக்கையாக 2016இல் தொடங்கிய பேட்டரி நிறுவனம் நார்த்வோல்ட், உற்பத்தியைத் திட்டமிட்ட அளவுக்கு உயர்த்த முடியாமல் திணறி, 2025 மார்ச்சில் ஸ்வீடனில் திவாலானது. மொத்த உற்பத்தி ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் பேட்டரி விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்குவதாக நீண்டகாலக் கணக்குகள் காட்டுகின்றன. முந்தித் தொடங்கியவரைப் பிந்தி வருபவர் பிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

விலை எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பது தப்புக்கணக்கு. எல்எஃப்பியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 600 கிராம் லித்தியம் கார்பனேட் தேவை. 60 யூனிட்டுக்கு 36 கிலோ. 2022 இறுதியில் சீனச் சந்தையில் அது டன்னுக்கு 80,000 டாலரை நெருங்கியது. அப்போது ஒரு காருக்கான லித்தியம் மட்டுமே சுமார் 2,900 டாலர். 2024இல் டன் விலை பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு விழுந்தபோது அதே 36 கிலோவுக்கு 400 டாலரை ஒட்டித்தான் ஆனது. அந்த இரண்டு ஆண்டு இறக்கத்தில் ஒரு பகுதி பொறியாளர்களின் சாதனை, ஒரு பகுதி சுரங்கச் சந்தையின் சரிவு. பின்னது திரும்பவும் ஏறக்கூடியது. லித்தியத்துக்குப் பதில் சோடியத்தை வைத்துச் செய்யும் செல்களில் இத்தனை பேர் உழைப்பதற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம். சோடியம் அலுமினியத்தோடு கலப்பதில்லை என்பதால், அதில் செப்புத் தகட்டுக்குப் பதில் மலிவான அலுமினியத்தையே இரு பக்கமும் பயன்படுத்தலாம்.

பேட்டரியை மலிவாக்குவதைப் போலவே, அதைச் சிறிதாக்குவதும் சேமிப்பு. 100 கி.மீ.க்கு 15 யூனிட் குடிக்கும் கார் 400 கி.மீ. ஓட 60 யூனிட் வேண்டும். 13 யூனிட்டில் ஓடினால் 52 போதும். மிச்சமாகும் 8 யூனிட், 115 டாலர் கணக்கில் 920 டாலர். காற்றைக் கிழித்துப் போகும் உடலமைப்பு, உருளும் தடை குறைந்த டயர், பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் மின்னிழப்பு குறைந்த சிலிக்கான் கார்பைடு சில்லுகள் ஆகியவற்றுக்குச் செலவழிப்பது இந்தக் கணக்கில்தான்.

உடல்கூட்டிலும் இதே சிக்கனம். டெஸ்லா மாடல் ஒய் காரின் பின்பக்க அடித்தளத்தில் சுமார் 70 பாகங்களைப் பற்றவைத்துச் செய்ய வேண்டியதை ஒரே அலுமினிய வார்ப்பாக ஊற்றினார்கள். தயாரிப்புக்கு இது பெரிய மிச்சம். ஆனால் பின்னால் இடி வாங்கினால், வளைந்த ஒரு துண்டை வெட்டி மாற்றுவது பழைய அளவுக்கு எளிதில்லை. செல்களைப் பசையால் ஒட்டி மாட்யூல் இல்லாமல் அடைத்த பேட்டரிப் பெட்டியிலும் (பேக்) இதே சங்கடம்: ஒரு செல் கெட்டால் அதை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லாத வடிவமைப்புகள் உண்டு. அடிப்பக்கத்தில் கல் மோதி உறை நசுங்கியதற்கு முழு பேக்கையும் மாற்றச் சொன்னால், ஷோரூமில் மிச்சம் பிடித்தது காப்பீட்டுத் தொகையில் போய்விடும். காரின் விலையை ஒப்பிடுபவர்கள் இதைப் போதிய அளவு கவனிப்பதில்லை.

இனி போட்டிக்கு வருவோம். 2023 ஜனவரியில் டெஸ்லா பல நாடுகளில் ஒரே வீச்சில் விலையைக் குறைத்தது. அமெரிக்காவில் சில மாடல்களில் கிட்டத்தட்ட 20 சதவீதம். அதே ஆண்டு ஏப்ரலில் பிஒய்டி 30 யூனிட் பேட்டரி கொண்ட சீகல் காரை 73,800 யுவானுக்குச் சீனாவில் இறக்கியது. செல்லில் தொடங்கி மோட்டார், மின்னணுப் பாகங்கள் வரை பெரும்பாலானதைத் தானே செய்துகொள்வதால், இடையில் யாருக்கும் லாபம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதன் பலம். 2023இன் கடைசிக் காலாண்டில் முழு மின்சார கார் விற்பனையில் பிஒய்டி டெஸ்லாவை முந்தியது. 2024இல் அமெரிக்கா சீன மின்சார கார்களுக்கு வரியை 100 சதவீதமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்தின் மேல் 35.3 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டது. அதனால் ஒரே கார் இரு சந்தைகளில் இரு விலையில் நிற்கிறது.

புதிய கார் விலையை வெட்டும் ஒவ்வொரு முறையும் பழைய காரின் மறுவிற்பனை மதிப்பும் அன்றே விழுகிறது. புதிதாக வாங்கியவருக்கு அது நஷ்டம், இரண்டாம் கையாக வாங்குபவருக்கு நல்ல வாய்ப்பு. ஓட்டிய கி.மீ.யைவிட பேட்டரியின் மிச்சக் கொள்ளளவைக் கேட்டு வாங்குவது முக்கியம். பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.க்குள் அது 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் தருகின்றன; அந்த உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்கும் செல்லுமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை குறைந்த மாடலில் எதை வெட்டியிருக்கிறார்கள் என்பது அட்டவணையின் கீழ் வரிகளில் இருக்கும். பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு உண்டா, வெறும் காற்றா? வெப்பமான இடங்களில் காற்றால் மட்டுமே குளிரும் பேட்டரி சீக்கிரம் தேயும்; 2010இல் வந்த நிசான் லீஃப் அதைக் காட்டிவிட்டது. காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்டா, 7 கிலோவாட்டா? 30 யூனிட் பேட்டரியை நிரப்ப முன்னதற்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல், பின்னதற்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

வேகச் சார்ஜிங்கில் உச்ச எண்ணை நம்ப வேண்டாம். 150 கிலோவாட் என்று போட்டிருக்கும் 60 யூனிட் கார், 10இலிருந்து 80 சதவீதம் போக 30 நிமிடம் எடுத்தால், ஏறியது 42 யூனிட். சராசரி வேகம் 84 கிலோவாட்தான். சிலர் 30இலிருந்து 80 வரை எடுக்கும் நேரத்தை மட்டும் அச்சிடுவார்கள். அதை 10இலிருந்து கணக்கிட்ட காரோடு அருகருகே வைத்துப் பார்த்தால், மெதுவான கார் வேகமாகத் தெரியும். இரண்டு கார்களுக்கும் ஒரே தொடக்கப் புள்ளியில் கணக்குப் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.